புதுக்கோட்டைக்கு வேண்டும் ஒரு கூட்டு ஆய்வகம்

புதுக்கோட்டை அருகே உள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளத்தை எந்தெந்தப் பொருள்களைக் கொண்டு தீட்டினார்கள் என்பது இன்று நமக்குத் தெரியும். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண், பச்சைக்கு ஒருவகைப் பச்சை மண். இப்படிப்பட்ட விவரங்களைத் தமிழகத்துச் சுவரோவியங்களிலிருந்து வெளிக்கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் எஸ்.பரமசிவன் என்ற வேதியியலாளர். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் அமைந்த வேதியியல் ஆய்வகத்தில் இருந்துகொண்டு காரையையும் வண்ணத்தையும் பகுத்துப் பார்த்தவர் அவர். ஓவியத்தைப் பார்த்து வியந்தவர்கள் பலர். அது எதனால் ஆனது, ஏன் உதிர்கிறது, எதைப் பூசினால் நிற்கும் என்று கேட்க ஒரு வேதியியலாளர் தேவைப்பட்டார். இன்று அந்தத் துறைக்குப் பொருளறிவியல் என்று பெயர்.

சமஸ்தானக் காலத்தில் புதுக்கோட்டையின் கேள்விக்குச் சென்னையில் விடை தேடியதில் வியப்பில்லை. ஆனால், அதற்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போதும் நம் மண்ணிலிருந்து எதையாவது எடுத்தால், அது என்ன என்று சொல்ல வெளியூர்தான் போக வேண்டியிருக்கிறது. கீழடியில் கிடைத்த கரித்துண்டின் வயதைக் கணித்துச் சொன்னது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஓர் ஆய்வகம். புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2023இல் அகழாய்வைத் தொடங்கியது. இரும்பு உருக்கிய தடயங்கள் உள்ள பூமி அது. அந்த இரும்புக் கசடை நறுக்கி, நுண்ணோக்கியில் வைத்து, உலை எத்தனை சூட்டில் எரிந்தது என்று சொல்லும் வேலையை ஊரிலேயே செய்ய முடிந்தால், மன்னர் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் உண்டா?

இந்தக் கட்டுரை தொல்லியலைப் பற்றியது இல்லை. பொருளறிவியல், மருத்துவம், விலங்குகளின் உடலியங்கியல் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வேலை செய்யும் ஆய்வகம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வேண்டும் என்று வாதாடுவதற்காக எழுதுகிறேன். ‘பின்தங்கிய மாவட்டத்தில் இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓர் இதய வால்வின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைக் கவனிக்காமல் விட்டால், சில குழந்தைகளுக்கு அது மூட்டுவலியுடன் கூடிய வாதக் காய்ச்சலாக மாறும். காய்ச்சல் போன பிறகும் அது விட்டுச்சென்ற சேதம் இதயத்தின் வால்வில் தங்கிவிடும். நெருக்கடியான வீடுகளில், மருத்துவர் எட்டாத ஊர்களில் வளரும் பிள்ளைகளை அதிகம் தாக்கும் நோய் இது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருவார்கள். சிதைந்த வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைக்க வேண்டும். 1970களில் அந்த வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. நோய் ஏழையுடையது, மருந்து பணக்காரருடையது என்ற நிலை.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் எம்.எஸ்.வலியத்தான், வால்வை இங்கேயே செய்வது என்று முடிவெடுத்தார். மருத்துவமனைக்குள் பொறியாளர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். ஜி.எஸ்.புவனேஸ்வர் தலைமையிலான பொறியாளர்கள், உலோகவியலாளர்கள், கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் பூஜப்புராவில் ஒரு பழைய அரண்மனை வளாகத்தில் வேலையைத் தொடங்கினார்கள்.

எடுத்துக்கொண்ட வேலை எவ்வளவு கடினமானது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனித இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வின் தட்டு ஒரு முறை திறந்து மூட வேண்டும். உப்புக் கரைசல் போன்ற ரத்தத்தில் அது துருப்பிடிக்கக் கூடாது, தேயக் கூடாது, உடையக் கூடாது. ரத்தம் அதன்மேல் உறையவும் கூடாது. இத்தனையையும் பல பத்தாண்டுகளுக்கு, பழுது பார்க்க ஒரு நாள்கூட நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

முதலில் செய்த மாதிரியில் உலோகத்தைப் பற்றவைத்த இடம் பலவீனமாகி முறிந்தது. பற்றவைப்பே இல்லாமல் டைட்டானியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தார்கள். டைட்டானியம் தேய்ந்தது. பிறகு சட்டத்தைக் கோபால்ட் கலந்த கடினமான உலோகக் கலவைக்கு மாற்றி, தட்டுக்குச் செயற்கை நீலக்கல் படிகத்தை வைத்தார்கள். வைரத்துக்கு அடுத்தபடியான கடினத்தன்மை கொண்ட கல். தேய்மானச் சோதனை இயந்திரத்தில் அது நன்றாகவே நின்றது. பொறியாளர் மட்டும் இருந்த ஆய்வகமாக இருந்தால், அத்துடன் வெற்றி என்று அறிவித்திருப்பார்கள். ஆட்டின் இதயத்தில் பொருத்தியபோது அந்தத் தட்டு உடைந்தது. இயந்திரத்தில் தெரியாதது உயிருள்ள உடலில் தெரிந்தது. நான்காவது மாதிரியில் கல்லைக் கைவிட்டு, செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும் உறுதியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கைத் தட்டாக வைத்தார்கள். அது நிலைத்தது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. இன்றுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் அந்த வால்வுடன் வாழ வழி பிறந்திருக்கிறது. தோற்றுப்போன மாதிரிகளையும் தோற்ற காரணங்களையும் அந்தக் குழு 1996இல் ஆய்விதழ் ஒன்றில் வெளிப்படையாக எழுதியது. வெற்றியைவிட எனக்கு அந்தக் கட்டுரைமேல்தான் மரியாதை அதிகம்.

இந்தக் கதையில் வலியத்தானின் பெயரைச் சொல்பவர்கள் கால்நடை மருத்துவரை மறந்துவிடுகிறார்கள். ஆட்டுக்கு இதய அறுவைச் சிகிச்சை செய்வது எளிதான காரியம் இல்லை. அசைபோடும் பிராணி அது. மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்தால், முதல் இரைப்பையில் வாயு சேர்ந்து வயிறு உப்பி, நுரையீரலை அழுத்தும். இரைப்பையில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆடு பிழைக்காது. எத்தனை மணி நேரம் பட்டினி போடுவது, எந்தப் பக்கம் சாய்ப்பது, எப்போது குழாய் செருகுவது, அறுவைக்குப் பின் எப்போது எழுப்பி நிறுத்துவது என்பதெல்லாம் உடலியங்கியல் தெரிந்தவரின் கையில் இருக்கிறது. இளம் ஆட்டின் உடலில் சுண்ணச் சத்து வேகமாகப் படியும் என்பதால்தான், வால்வில் படிவு சேர்கிறதா என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள உலகம் முழுவதும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர் இல்லாமல் அவர் இல்லை. அறுவைச் சிகிச்சை நிபுணர், பொறியாளர், கால்நடை மருத்துவர் ஆகிய மூவரும் மூன்று ஊர்களில் இருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தால், அந்த வால்வு பிறந்திருக்காது என்றே நம்புகிறேன்.

விலங்குகளை இப்படிப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்த ஆடுகள் தாமாக வந்து படுக்கவில்லை. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் மூன்று நெறிகளைச் சொன்னார்கள். விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்றைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், 1998ஆம் ஆண்டு விதிகளும், ஒவ்வொரு நிறுவனத்திலும் இயங்க வேண்டிய விலங்கு நெறிமுறைக் குழுவும் இருக்கின்றன. மனிதத் திசுக்களைச் சில்லில் வளர்த்து மருந்தைச் சோதிக்கும் முறைகளுக்கு அமெரிக்கா 2022இலும் இந்தியா 2023இலும் சட்டரீதியாக வழிவிட்டன. இந்த மாற்று முறைகள் வளர வளர, விலங்குச் சோதனை குறைய வேண்டும், குறையும். ஆனால், நீலக்கல் தட்டு துடிக்கும் இதயத்தில் உடையும் என்று எந்தச் சில்லும் சொல்லியிருக்காது. அப்படிப்பட்ட இடங்களில் மட்டும், குறைந்த எண்ணிக்கையில், நல்ல பராமரிப்புடன், கணக்குக் காட்டிச் செய்வதையே நான் ஏற்கிறேன். புதுக்கோட்டையில் ஆய்வகம் வருமானால், முதலில் அமைக்க வேண்டியது அந்த நெறிமுறைக் குழுவைத்தான். ஊர்க்காரர்களில் ஒருவரும் அதில் உட்கார வேண்டும்.

சரி, புதுக்கோட்டையில் எதை ஆராய்வது? மாவட்டத்தின் கிழக்குக் கரைக்குப் போவோம். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று பாக் விரிகுடாவை ஒட்டி மீனவ ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆழம் குறைந்த, கடற்புல் நிறைந்த கடல். இறாலும் நீல நண்டும் வளர்வதற்கு ஏற்ற இடம். நண்டுச் சதை ஏற்றுமதிக்குப் போகிறது. ஓடு குப்பைக்குப் போகிறது. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் 60 முதல் 80 லட்சம் டன் வரை நண்டு, இறால் ஓடுகள் வீணாவதாக 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு கட்டுரை கணக்கிட்டது. அந்த ஓட்டில் புரதம் இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, கைட்டின் என்ற நார்ப்பொருள் இருக்கிறது.

ஓட்டை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துபோகும். காரத்தில் வேகவைத்தால் புரதம் பிரியும். மிஞ்சும் கைட்டினை அடர்ந்த காரத்தில் மறுபடி சூடேற்றினால் கைட்டோசான் கிடைக்கும். அதன் மூலக்கூறுகளில் நேர்மின்னூட்டம் உண்டு. ரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால், காயத்தின்மேல் கைட்டோசான் பட்டையை வைத்து அழுத்தினால் ரத்தம் சீக்கிரம் நிற்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களில் அமெரிக்க ராணுவம் இத்தகைய பட்டைகளைப் பயன்படுத்தியது. இந்தியாவிலும் அகமதாபாத்தில் தொடங்கிய ஒரு நிறுவனம் ‘ஆக்ஸியோஸ்டாட்’ என்ற பெயரில் இதைத் தயாரிக்கிறது. தேசிய நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ரத்தம் வடிந்துவிடுகிற நம் ஊர்ப்புறங்களில் இதன் அருமை சொல்லாமலே புரியும்.

இங்கேதான் மூன்று துறைகளும் கைகோக்க வேண்டியிருக்கிறது. எல்லாக் கைட்டோசானும் ஒன்றல்ல. வயலுக்கு உரமாகத் தெளிக்கும் தரம் வேறு, மனிதக் காயத்தில் வைக்கும் தரம் வேறு. மூலக்கூறின் நீளம், அசெட்டைல் தொகுதி எவ்வளவு நீங்கியிருக்கிறது, சாம்பல் எவ்வளவு, நுண்ணுயிர் நச்சு மிஞ்சியிருக்கிறதா என்பதையெல்லாம் அளந்து சான்று கொடுத்தால்தான் மருத்துவத் தரம். அளக்கத் தெரியாத ஊர் ஓட்டைக் குப்பை விலைக்கு விற்கும். அளக்கத் தெரிந்த ஊர் அதையே மருந்தாக விற்கும்.

ஓட்டின் தரமோ நண்டின் உடலியங்கியலைப் பொறுத்தது. நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் கண் தண்டில் உள்ள சுரப்பி, ஓடு கழற்றுவதைத் தடுக்கும் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கிறது. அந்தச் சுரப்பு குறையும்போது வேறொரு சுரப்பியிலிருந்து எக்டைசோன் வகை ஹார்மோன் பெருகி, ஓடு கழல்கிறது. புதிய ஓடு மிருதுவானது, பிறகு சுண்ணாம்பு ஏறி இறுகுகிறது. ஓடு மாற்றிய நண்டின் சதையில் நீர்தான் அதிகம். அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் கூடு என்று கரையோரத்தில் சொல்வார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று ஓராண்டு முழுவதும் கோட்டைப்பட்டினத்து நண்டை எடுத்து, ஓட்டின் சுண்ணாம்பையும் ரத்தத்தின் ஹார்மோனையும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி அது. மீனவர்களுக்கும் பயன்படும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமிலமும் காரமும் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டால் எல்லாம் பாழ். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்தப் பிராணி கடற்புல்லைத் தின்று வாழ்வது. பதின்மூன்று, பதினான்கு மாதங்கள் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒன்றை இழந்தால் ஈடுகட்டுவது அவ்வளவு கடினம். ஆகவே, அமிலத்துக்குப் பதிலாக லாக்டிக் அமில பாக்டீரியாவைக் கொண்டு ஓட்டைப் புளிக்கவைத்துப் பிரிக்கும் முறைகளில்தான் நம் ஆய்வகம் கவனம் செலுத்த வேண்டும். கரையில் ஒரு தொழில் வருவதற்காகக் கடல் சாகக் கூடாது.

அடுத்தது காளை. தமிழகத்தில் வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டம் என்று புதுக்கோட்டைக்குப் பெயர். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு கந்தர்வகோட்டைக்கு அருகே தச்சங்குறிச்சியில் நடப்பது வழக்கமாகிவிட்டது. 2014 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, காளையின் உடலமைப்பும் அச்சத்தில் ஓடும் அதன் இயல்பும் அந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் பேசப்பட்டன. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழகச் சட்டத்தை ஏற்றது. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் காளையின் உடலைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த உடலை அளந்து பேசுவதுதான் நேர்மை. வீட்டுக் கொட்டிலில் நிற்கும்போதும், வாடியில் காத்திருக்கும்போதும், களத்தைத் தாண்டிய பிறகும் இதயத் துடிப்பு எவ்வளவு, உடல் வெப்பம் எவ்வளவு என்று தோலில் ஒட்டும் உணரிகளாலும், மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் எவ்வளவு என்று உமிழ்நீரிலும் சாணத்திலும், ஊசியே குத்தாமல் அளக்கலாம். அந்த உணரிகளைச் செய்வது பொருளறிவியலின் வேலை. இந்த அளவீட்டை ஆண்டுதோறும் புதுக்கோட்டையே எடுத்து, தனக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும் வெளியிட வேண்டும். காளையைப் பிள்ளைபோல் வளர்க்கிறோம் என்று சொல்கிற நாம் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இவற்றைச் செய்ய வெறும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டிய நிலையும் இல்லை. முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017இல் வந்தது. 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது. பல் மருத்துவம் என்பதே பாதிக்குமேல் பொருளறிவியல்தானே! தாடை எலும்பில் டைட்டானியம் ஏன் ஒட்டிக்கொள்கிறது, பீங்கான் ஏன் விரிசல் விடுகிறது என்பது அங்கே அன்றாடப் பாடம். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி மையம் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. மன்னர் கல்லூரியும் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. ஆனால், ஒரு வளாகத்தில் இருப்பவர் இன்னொரு வளாகத்துக்குள் கருவி தேடிப் போக வழி இல்லை. காரணம், இந்த நிறுவனங்கள் மூன்று துறைச் செயலாளர்களின் கீழ் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி ஒரு துறை, கலைக் கல்லூரி ஒரு துறை, கால்நடை ஒரு துறை. பணத்தட்டுப்பாட்டைவிட இந்தச் சுவர்தான் பெரிய தடை.

மாவட்டத்தில் நல்ல ஆய்வு நடக்காது என்று சொல்பவர்கள் வம்பனுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அங்குள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் உளுந்து ரகங்களை மாவட்டத்துக்கு வெளியேயும் விதைக்கிறார்கள். மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் ரகங்கள் அந்தச் செம்மண் காட்டில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டன. நோய் இருக்கும் இடத்தில் ஆய்வகம் இருந்ததால் வந்த பலன் அது.

ஊரில் வாய்ப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மன்னர் கல்லூரியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் தேறியவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மனத்தில் சுமந்து, 1954இல் அடையாறு புற்றுநோய் மையத்தை உருவாக்கினார். 12 படுக்கைகளுடன் தொடங்கிய அந்த இடம் சிகிச்சையோடு ஆராய்ச்சியும் செய்யும் பெரிய மையமாக வளர்ந்தது. அவர் புதுக்கோட்டையை விட்டுப் போக வேண்டியிருந்தது. ஒரு பெண் மருத்துவம் படிக்க அன்று வேறு வழியில்லை. இன்று படிக்கும் பெண்களுக்கு அந்தக் கட்டாயம் தொடர வேண்டுமா?

கேட்பது பெரிய கட்டடமும் இல்லை. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஒரு தளம் போதும். ஒரு மின்னணு நுண்ணோக்கி, பொருள்களின் வலிமையை அளக்கும் கருவி, செல் வளர்ப்பு அறை, முறைப்படி பதிவு பெற்ற சிறிய விலங்கு இல்லம், ஹார்மோன் அளக்கும் ஆய்வுக்கூடம். ஐந்து நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சம உரிமை. கருவியை இயக்கவும் பழுது பார்க்கவும் நிரந்தரப் பணியாளர்கள். கடைசியில் சொன்னதை விட்டுவிட்டால், வாங்கிய கருவி உறை போட்டபடியே நிற்கும். தமிழகக் கல்லூரிகளில் அந்தக் காட்சியை நிறையவே பார்த்தாயிற்று.

மாவட்டம் பிறந்து 50 ஆண்டுகள் 2024 ஜனவரியில் நிறைந்தன. ஆனாலும் இதை யார் கேட்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே 2009 தேர்தலில் இல்லாமல்போனது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடு, விராலிமலை கரூரோடு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு, அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு சேர்ந்துள்ளன. அந்த நான்கு மக்களவை உறுப்பினர்களும் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, ஒன்றிய, மாநில அறிவியல் துறைகளிடம் இந்தக் கூட்டு ஆய்வகத்தைக் கேட்க வேண்டும். அடுத்த முறை அவர்கள் உங்கள் ஊருக்கு வரும்போது, சாலையையும் குடிநீரையும் கேட்டுவிட்டு, இதையும் கேளுங்கள்.